தாலாட்டு அறையில் தவளைகள்

பல்கலைக்கழகத்தில் அவளைச் சராசரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். புள்ளியியல் என்றாலே சராசரி எடுத்துக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய பதிவாளர் வைத்த பெயர் அது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெயர் மட்டும் பணியில் தொடர்ந்தது.

முதல் மாடியில், லிஃப்டுக்கும் குடிநீர் இயந்திரத்துக்கும் நடுவே ஒடுங்கிய அறை அவளுடையது. கதவில் ‘தரவு ஆலோசனை’ என்று எழுதியிருக்கும். எந்தத் துறையில் யார் எதை எண்ணினாலும், அளந்தாலும், அந்த எண்களைச் சரிபார்க்க இந்தக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். அதுவும் எப்போது தட்டுவார்கள்? எல்லாவற்றையும் அளந்து முடித்து, தப்பெல்லாம் செய்து முடித்த பிறகு.

அன்று காலை முதலில் வந்தவர் கப்பல் துருவை ஆராய்கிறவர். இரும்புத் தகடுகளை விதவிதமான உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் தகடுகளில் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டுகளையும் சேர்த்தே ஊறப்போட்டுவிட்டார்.

“எந்தத் தகடு எந்தத் தண்ணியில இருந்ததுன்னு எப்படித் தெரியும் சார்?”

“அதைத்தான் மேடம் நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்.”

அவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், சட்டத்துறை ஆய்வாளர். நீதிபதிகள் தீர்ப்பில் எத்தனை உரிச்சொற்களைப் போடுகிறார்கள், கோபம் வந்தால் கூடுதலாகப் போடுகிறார்களா என்பது அவருடைய ஆய்வு. கோபத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டதற்கு, “படிச்சாலே தெரியுமே” என்றார். அவருக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்க வந்த தத்துவத்துறைக்காரர், கையில் குவளையோடு எட்டிப்பார்த்து, “எண்ணுன்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா மேடம்?” என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தார்.

“இருக்கு சார். என் மேசை மேல மலையாக் குவிஞ்சு கிடக்கு. வழியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவளுக்கென்றும் ஓர் ஆய்வு இருந்தது. கணக்கெடுப்புகளில் மக்கள் பதில் சொல்லாமல் விட்டுவிடும் கேள்விகளைப் பற்றியது. அந்தக் கட்டுரை கணினியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கதவு படாரென்று திறந்தது.

வந்தவள் மொழியியல் துறையின் தாலாட்டுப் பெண். தற்காலிகப் பணியில் இருப்பவள். ஆண்டுக்கு ஒருமுறை வேலை நீடிக்குமா என்று நகம் கடிப்பவள். தாய்மார்கள் பாடும் தாலாட்டில் முதலில் கண்ணே, மணியே, மாமன் அடித்தானோ என்று அர்த்தமுள்ள வார்த்தைகள் வரும். போகப்போக அர்த்தம் உதிர்ந்து, ம்ம், லொலொ என்று வெறும் ஓசை மட்டும் மிஞ்சும். எந்தக் கட்டத்தில் ஒரு தாய் அர்த்தத்தைக் கைவிடுகிறாள் என்பதுதான் அவள் தேடுவது. அதற்காகப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரே ஒலித்தடுப்பு அறையில் தாய்மார்களையும் கைக்குழந்தைகளையும் உட்காரவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

“இதைக் கேளுங்கக்கா.” காதொலிப்பானைச் சராசரியம்மாவின் தலையில் அவளே மாட்டிவிட்டாள்.

ஒரு தாய் இழைந்து பாடிக்கொண்டிருந்தாள். பின்னால், தெளிவாக, தாளம் தப்பாமல், ஏதோ ஒன்று ‘க்ராக், க்ராக்’ என்றது.

“தவளையா?”

“தவளைதான்! மத்தியானப் பதிவு எல்லாத்துலயும் இருக்கு. அந்த அறையில தவளை வாத்தியாருக்குச் சாயங்காலம்தானே முறை? மத்தியானமே தொட்டியைக் கொண்டு வந்து திரைக்குப் பின்னால வெச்சுட்டுப் போயிடறார். இருட்டா இருக்கவும் அதுங்க கச்சேரியை ஆரம்பிச்சுடுதுங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, விலங்கியல் துறையின் தவளை வாத்தியார் மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டார். பார்ப்பதற்கு ஒரே அச்சாக இருக்கும் இரண்டு வகைத் தவளைகளைக் குரலை மட்டும் வைத்துப் பிரித்துக் காட்டுவதில் தலைமுடி நரைத்தவர்.

“தொட்டியைக் கொண்டு வந்த உடனே அதுங்க வாயைத் திறக்காதும்மா. இடம் பழகணும். அதான் மத்தியானமே வெச்சு, பதிவுக் கருவியையும் ஓட விட்டுட்டுப் போறேன். பழகி, ஆண் தவளை ஆசையாப் பொண்ணைக் கூப்பிட ஆரம்பிக்கும்போது இந்தம்மா ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து பாட வைக்குது. என் பதிவு பூரா ஆராரோ கேக்குது. நான் யார்கிட்டப் போய் அழறது?”

இருவரும் அவள் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக் கத்தினார்கள். குடிநீர் இயந்திரம்கூட ஒரு நிமிடம் குமுறுவதை நிறுத்தியதுபோல இருந்தது.

“போதும்! தவளைச் சத்தத்தால பதிவு கெட்டுப்போச்சா இல்லையான்னு பார்த்துச் சொல்றேன். ரெண்டு பேரும் கிளம்புங்க.”

அந்த வாரம் முழுக்க அவள் சொந்தக் கட்டுரை பக்கமே போகவில்லை. பதிவுகளைத் தவளை உள்ளவை, இல்லாதவை என்று பிரித்தாள். குழந்தை தூங்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை எதிரே வைத்து வரைபடம் போட்டாள். வரைபடத்தைப் பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. தவளை கத்திய பதிவுகளில் குழந்தைகள் சீக்கிரமே தூங்கியிருந்தன.

தாலாட்டுப் பெண் வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள். பசி நேரம், அன்று துருக்காரர் வேறு மறுபடியும் வந்து உயிரை எடுத்துவிட்டுப் போயிருந்தார். வாய் சும்மா இருக்கவில்லை.

“உன் தாய்மாரைவிடத் தவளை நல்லாத் தூங்க வைக்குது போ. பேசாம நீயும் வாத்தியாரும் சேர்ந்து ஒரு மையமே ஆரம்பிச்சுடுங்க.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தாலாட்டுப் பெண் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைச் சராசரியம்மா கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

தாலாட்டுப் பெண் அந்த வரைபடத்தைப் பற்றித் தன் துறைத்தலைவரிடம் சொன்னாள். துறைத்தலைவர் துணைவேந்தரிடம் சொன்னார். துணைவேந்தரோ, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் இத்தனை துறைகள் தனித்தனியாகக் கிடக்கின்றனவே என்று வந்த நாள் முதல் புலம்பிக்கொண்டிருந்தவர். அவருக்குக் காதில் தேன் பாய்ந்ததுபோல ஆகிவிட்டது. அடுத்த வாரம் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘தவளைக் குரலில் தூங்கும் குழந்தைகள் – ஆய்வில் வியப்பு.’

சராசரியம்மாவுக்கு அது தெரிய வந்தது வீட்டில்தான். மாலையில் கதவைத் திறந்தபோதே உள்ளேயிருந்து ‘க்ராக், க்ராக்’ என்று கேட்டது. ஒரு கணம் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். கூடத்தில் தங்கை கைக்குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தாள். தங்கையின் கணவன் கப்பலில் வேலை செய்பவன். அவன் கரை திரும்பும்வரை அவளும் குழந்தையும் இங்கேதான். சோபாவின் கையில் வைத்திருந்த கைப்பேசி தவளையாகக் கத்திக்கொண்டிருந்தது.

“என்னடி இது?”

“உஷ்! இப்பத்தான் கண்ணசந்தான். நீதானேக்கா கண்டுபிடிச்சிருக்கே? பேப்பர்ல வந்திருக்கு. வீட்டுல இருக்கிற எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு.”

“நான் எதையும் கண்டுபிடிக்கல! அது நான் சொன்ன கிண்டல்!”

“கிண்டலோ என்னவோ, பிள்ளை தூங்கறான்.”

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவன் சமையலறையிலிருந்து தலையை நீட்டினான். “சத்தம் போடாதே. கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் என் மனைவியோட ஆராய்ச்சின்னு சொல்லியிருக்கேன்.”

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் துணைவேந்தர் அறைக்குப் போனாள். அவர் பாலங்கள் கட்டும் பொறியியல் படித்து வந்தவர். மேசை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பாலம் இருந்தது.

“வாங்க, வாங்க. என் வேலையே பாலம் கட்டறதுதான். விலங்கியலுக்கும் மொழியியலுக்கும் நடுவுல நீங்க ஒண்ணு கட்டிட்டீங்க.”

“சார், அது பாலம் இல்லை. தவளை இருந்த பதிவு எல்லாம் மத்தியானம் எடுத்தது. தவளை இல்லாதது எல்லாம் காலையில எடுத்தது. மத்தியானம் வயிறு நிறைய ஊட்டி முடிச்சதும் எந்தக் குழந்தையும் தூங்கும். தவளை கத்தினாலும் தூங்கும், நாம கத்தினாலும் தூங்கும்.”

துணைவேந்தரின் முகம் சற்றே வாடி, உடனே நிமிர்ந்தது. “சரி, அதைச் சரிபார்த்துடுங்க. ஆய்வு நாள் வருதில்ல? அன்னிக்கு ஒலி உறக்க ஆய்வு மையத்தை அறிவிக்கப்போறேன். நிரந்தரப் பணியிடம் ஒண்ணும் உண்டு. அந்தத் தாலாட்டுப் பொண்ணுக்குத்தான் அது.”

சரிபார்ப்பது என்றால், காலையிலும் தவளைக் குரலோடு பாதிப் பேர், குரலில்லாமல் பாதிப் பேர், மத்தியானமும் அப்படியே. ஆனால் தவளைகள் காலையில் வாயைத் திறக்க மாட்டோம் என்றன. ஒலிபெருக்கியில் போடலாம் என்றால் தவளை வாத்தியார் பெண் கொடுக்க மறுக்கும் தகப்பனைப்போல முறுக்கிக்கொண்டார். “ஒலிபெருக்கியில தவளையா? எந்த வகைன்னாவது தெரியுமா உங்களுக்கு? சின்ன வகை, மழைக்கு முன்னாடி கூப்பிடறது. அதைப் போட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை. பெரிசைப் போட்டீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” தாலாட்டுப் பெண், ஒலி தொட்டிலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று அவரோடு சண்டை போட்டாள். வரச்சொன்ன தாய்மார்களில் பாதிப் பேர் செய்தித்தாள் படித்துவிட்டு, தவளை இல்லாத முறை வந்தால் ‘எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை’ என்று மல்லுக்கு நின்றார்கள். சராசரியம்மா அந்த அறையின் வாசலில் பள்ளிக்கூட வாத்தியார்போலக் கைகட்டி நின்று, யார் உள்ளே, யார் வெளியே என்று கட்டி மேய்த்தாள்.

முடிவு வந்தது. ஒன்றுமில்லை. மத்தியானக் குழந்தைகள் தவளையோடும் தூங்கின, தவளையில்லாமலும் தூங்கின. காலைக் குழந்தைகள் இரண்டிலுமே உயிரை வாங்கின.

தாலாட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அக்கா, இதை ஆய்வு நாளுக்கு அப்புறம் சொல்லலாமா?”

“எதுக்கு?”

“மையம் அறிவிச்சு, ஆணை வந்துட்டா, அப்புறம் யாரும் திரும்ப எடுக்க மாட்டாங்க. நான் பொய் சொல்லச் சொல்லல. கொஞ்ச நாள் பேசாம இருங்கன்னுதான் சொல்றேன். வருஷா வருஷம் இந்த மாசம் வந்தா எனக்குச் சோறு இறங்கறதில்லக்கா.”

சராசரியம்மா திரையை அணைத்தாள். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தைக்காகப் பின்னால் தன்னையே நொந்துகொண்டாள். தாலாட்டுப் பெண் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

சராசரியம்மா தன் எரிச்சல் முழுவதையும் வீட்டில் கொட்டினாள். “ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மூலையில உட்கார்ந்து ஒவ்வொண்ணைப் பார்க்கிறாங்க. பார்த்துட்டுப் போகட்டுமே! துருவுக்கும் தீர்ப்புக்கும் தவளைக்கும் கல்யாணம் பண்ணி வெச்சாத்தான் ஆச்சா?”

“அந்தப் பொண்ணு பாவம்தான்” என்றான் கணவன், தட்டைத் துடைத்துக்கொண்டே.

“பாவம்னு எனக்குத் தெரியாதா?”

தங்கை இடையில் புகுந்தாள். “நீ என்ன சொன்னாலும் சரிக்கா, நான் தவளையை நிறுத்த மாட்டேன்.”

ஆய்வு நாளன்று பெரிய அரங்கம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு துறையும் வந்து தன் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பேருந்து நிறுத்தங்களில் நிழல் எந்நேரம் எங்கே விழுகிறது என்று ஒரு புவியியல்காரர் சொன்னார். மணற்குவியல் எப்போது சரியும் என்று இயற்பியல் பெண் ஒருத்தி கையில் மணலைக் கொட்டியே காட்டினாள். துருக்காரர், எது எந்தத் தகடு என்ற கேள்வியைச் சாமர்த்தியமாகத் தொடாமலே முடித்தார். நீதிபதிகளின் உரிச்சொற்களுக்குச் சிரிப்பு கிடைத்தது. ஒருவர் பேசியதற்கும் அடுத்தவர் பேசியதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் கேட்கக் கேட்க, அந்தப் பிடிவாதக்காரர்கள்மேல் சராசரியம்மாவுக்கு ஏனோ பிரியம் வந்தது. அவர்களுடைய எண்கள் எல்லாமே அவள் கையில் அழுக்காக வந்து குளித்துப் போனவைதான்.

கடைசியில் துணைவேந்தர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பாலம் பற்றிப் பேசினார். தவளை, தாலாட்டு என்றார். பிறகு கையை நீட்டி, “நம்ம சராசரியம்மா எழுந்து எண்களோட உறுதிப்படுத்துவாங்க” என்றார்.

அவள் எழுந்தாள். முன்வரிசையில் தாலாட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்திக்காமல் இருக்க மேடைத் திரையைப் பார்த்தாள். அங்கே பெரிதாக ஒரு தவளைப் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

“தொடர்பு இல்லைங்க.”

“என்னது?”

“தவளைச் சத்தத்துக்கும் குழந்தை தூங்கறதுக்கும் தொடர்பு இல்லை. விலங்கியலும் மொழியியலும் சேர்ந்து கஷ்டப்பட்டு ஒழுங்காச் சோதிச்சுட்டாங்க. இல்லை.”

அரங்கில் யாரோ இருமினார்கள். துணைவேந்தர் ஒலிவாங்கியைக் கைமாற்றிப் பிடித்தார். “இப்போதைக்கு இல்லைன்னு எடுத்துக்கலாமா?”

“இல்லைன்னா இல்லைங்க சார். மத்தியானம் ஆனா குழந்தைக்குத் தூக்கம் வருது. அவ்வளவுதான்.”

“அப்பாடா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். தவளை வாத்தியார். “என் தவளைங்க அதுங்க பாட்டைப் பாடட்டும். ஆயா வேலைக்கெல்லாம் நான் அனுப்பறதா இல்லை.” அவர் தனியாகக் கைதட்டினார். அரங்கமே சிரித்தது. தாலாட்டுப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நடைபாதையில் தாலாட்டுப் பெண் வழிமறித்தாள். கண் சிவந்திருந்தது. “‘இன்னும் பார்க்கணும்’னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“பார்த்தாச்சேம்மா. பார்த்தது நீதானே?”

“உங்களுக்கு என்ன, நிரந்தர வேலை. உண்மை பேசலாம்.”

சராசரியம்மாவால் அந்தப் பெண் சொன்னதில் பிழை எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிரவு சாப்பாடு இறங்காமல் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் சராசரியம்மாதான்.

மையம் நின்றுபோனது. ஆனால் துணைவேந்தர் அச்சடித்த பெயர்ப்பலகையை வீணாக்க விரும்பவில்லை. எழுத்தைக் கொஞ்சம் மாற்றி, ‘பல்துறை ஒருங்கிணைப்பு மையம்’ என்று அவளுடைய அறைக்கதவிலேயே மாட்டச் சொல்லிவிட்டார். எல்லாத் துறையும் வந்துபோகும் இடம் அதுதானே என்றார். கூடுதலாக நாற்காலிகூட வரவில்லை. பலகையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக மேலே போனாள்.

“சார், மையம்னு பேர் வெச்சா ஆள் வேணும். நான் ஒருத்தியே எப்படி மையமாவேன்? ஒலிப்பதிவு கேட்டுப் பிரிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அந்தப் பொண்ணைப் போடுங்க. இல்லேன்னா பலகையைக் கழட்டுங்க.”

துணைவேந்தர் கண்ணாடிப் பெட்டிப் பாலத்தைத் துடைத்தபடி யோசித்தார். நிரந்தரம் முடியாது என்றார். இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டித்தார்.

தாலாட்டுப் பெண் வந்தாள். நன்றி என்று ஒரு சொல் இல்லை. வீட்டிலிருந்து தானே ஒரு நாற்காலி கொண்டுவந்து, மேசையின் மறுபக்கம் போட்டு, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘கோப்பு எங்கே’ தவிர வேறு பேச்சில்லை. எதிரெதிரே முழங்கால் இடிக்கும் அறையில் இப்படி ஒருத்தி மௌனவிரதம் இருந்தால் எப்படியிருக்கும்! சராசரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் தாலாட்டுப் பெண் திடீரென்று காதொலிப்பானைக் கழற்றினாள்.

“அக்கா, குழந்தை தூங்கினதும்தான் அம்மா அர்த்தத்தை விடறான்னு நினைச்சிட்டிருந்தேன். அது இல்லைக்கா. வார்த்தை நிக்கிறப்போ குழந்தை கொட்டக்கொட்ட முழிச்சிட்டிருக்கு. தூங்கறது அம்மா!”

“என்ன சொல்றே?”

“அவங்களுக்குத்தான் கண் சொருகுது. வார்த்தை முதல்ல போகுது, அப்புறம் ராகம். கடைசில மூச்சு மட்டும். இந்தப் பதிவுல பாருங்க, அம்மா குறட்டை விடறாங்க, பிள்ளை கெக்கேன்னு சிரிக்குது.”

இருவரும் ஒரே காதொலிப்பானின் ஆளுக்கொரு பக்கத்தைக் காதில் வைத்துக் கேட்டார்கள். குழந்தை சிரித்தது. தாயின் ‘ம்ம்’ இழுத்து, நழுவி, நின்றது. சராசரியம்மா எண்களைப் பிரித்தாள். காலைப் பதிவிலும் அப்படியே. மத்தியானத்திலும் அப்படியே. குறை கண்டுபிடிக்க வாரக்கணக்கில் முட்டிமோதினாள். தாலாட்டுப் பெண் ஒவ்வொரு முட்டலுக்கும் சண்டை போட்டாள். முடிவு அசையவில்லை.

அந்தக் கட்டுரை வெளிவந்ததும் வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகம் தாலாட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. நிரந்தர வேலை. கிளம்பும் நாளில் அவளுடைய நாற்காலியின் ஒரு பக்கத்தைச் சராசரியம்மா பிடிக்க, இருவருமாகப் படியிறக்கிச் சாலைவரை தூக்கிப் போனார்கள்.

“உங்க மேல கோபம் இன்னும் போகலைக்கா” என்றாள் தாலாட்டுப் பெண், ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியபடி.

“போகலைன்னா இருக்கட்டும். அட்டவணையில சந்தேகம் வந்தா மட்டும் எல்லாம் முடிஞ்ச பிறகு கூப்பிடாதே. முதல்லயே கூப்பிடு.”

தாலாட்டுப் பெண் நாற்காலியை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். ஆட்டோ திரும்பும்போது ஒருமுறை கையை வெளியே நீட்டி அசைத்தாள். சராசரியம்மா அது கண்ணில் மறையும்வரை நின்றுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.